பையன் கையில் டிராக்டர்! தகப்பனாருக்கு ஜெயில்!

புரட்டாசி பிறந்துவிட்டால் நாகலாபுரம் பக்கத்துச் சம்சாரிக்கு நிற்க நேரம் இராது. மழைக்கு முன்னால் உழுது முடிக்க வேண்டும். விதைக்க வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், மல்லி எல்லாமே வானம் பார்த்த மானாவாரி. பருவம் தவறினால் ஒரு வருஷப் பிழைப்பு போய்விடும்.

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் தேவைப்படுகிறது. டிராக்டர் இருந்தாலும் டிரைவர் கிடைப்பது இல்லை. பள்ளிக்கூடங்களுக்குக் காலாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. வீட்டில் 13, 14 வயதுப் பையன் சும்மா இருக்கிறான். "ஏறி உட்காருடா, நம்ம காடுதானே!" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பையனுக்கு ஆசை. தகப்பனாருக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் இரண்டு ஆபத்துகள் நிற்கின்றன. ஒன்று, பையனின் உயிர். மற்றொன்று, தகப்பனாருக்கு ஜெயில்!

மாடு வேறு, டிராக்டர் வேறு

"நான் பத்து வயதிலேயே வண்டி ஓட்டினேனே!" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அது உண்மைதான். ஆனால் அது மாட்டு வண்டி. பையன் தூங்கிவிட்டாலும் மாடு வீடு வந்து சேரும். பள்ளத்தைக் கண்டால் மாடு ஒதுங்கும். அதட்டினால் நிற்கும்.

டிராக்டருக்குக் கண் இல்லை. காதும் இல்லை. ஏறக்குறைய 2 டன் எடையுள்ள இரும்பு அது. ஓட்டுகிறவன் கீழே விழுந்தாலும் அது தன்பாட்டுக்கு ஓடும். விழுந்தவன் மீதே ஏறும்.

கரிசல் மண்ணின் குணமும் சேர்ந்துகொள்கிறது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். சேற்றில் சிக்கிய டிராக்டரை வெளியே எடுக்கப் பையன் ஆக்சிலேட்டரைக் கூட்டுகிறான். கிளட்சைச் சட்டென்று விடுகிறான். பின்சக்கரம் அசையாது. முன்பாகம் குதிரைபோல மேலே எழும்பி, பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் கிடைக்காது.

பிரேக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக், இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக். காட்டில் திருப்புவதற்கு அது வசதி. ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துப் புரளும். இதெல்லாம் 13 வயதுக் காலுக்கும் கைக்கும் ஆகிற வேலையா?

பின்னால் எந்திரங்களை இயக்கும் தண்டு வேறு இருக்கிறது. அது நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று! துண்டின் நுனி அதில் சிக்கினால் போதும். "ஐயோ" என்று சொல்வதற்குள் ஆளையே இழுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் பொது இடத்தில் டிராக்டர் ஓட்டக்கூடாது. 16 வயதில் ஓட்டலாம் என்ற சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத சிறிய மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான்.

மீறினால்? 2019-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, புதிதாக 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளி. 3 ஆண்டு வரை ஜெயில். ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்சு கிடையாது.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று சொல்லலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது தகப்பனாரின் பொறுப்பு. சம்மதம் கொடுத்ததாகவே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும்.

வேறொருவருக்கு அடிபட்டால் நஷ்டஈடும் உண்டு. இன்சூரன்சு கம்பெனி அதை முதலில் கொடுத்தாலும், லைசென்சு இல்லாதவர் ஓட்டினார் என்று காட்டி உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம். பிறகு உழுவதற்குக் காடே மிஞ்சாது!

வரப்பில் நிற்கும் சட்டம்

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. "பொது இடம்" என்றால் மக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடம். சொந்தக் காடு அப்படிப்பட்ட இடம் அல்ல. ஆகவே வாகனச் சட்டம் வரப்போடு நின்றுவிடுகிறது.

14 வயது ஆகாத பிள்ளைகளுக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணை நிற்கிறது. அவர்களுக்கு விலக்கப்பட்ட வேலைகளில், டிராக்டரும் கதிரடிக்கும் எந்திரமும் ஓடுகிற விவசாய வேலையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் 15 வயதுப் பையன் சொந்தக் காட்டில் உழுதால் தடுப்பவர் யார்? தகப்பனார் ஒருவர்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து காட்டுக்கு டிராக்டர் பறந்து போவது இல்லை. தெருவைத் தாண்டுகிறது. வண்டிப் பாதையில் போகிறது. ரோட்டில் ஏறுகிறது. அங்கெல்லாம் சட்டம் உண்டு!

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 1958-ம் ஆண்டிலேயே விதி போட்டார்கள். 13 வயது ஆகாத பிள்ளை விவசாய வேலையில் டிராக்டரை ஓட்டவும் கூடாது, அதில் ஏறிச் செல்லவும் கூடாது. சொந்தப் பண்ணை என்ற சலுகை கிடையாது.

அமெரிக்காவில் 20 குதிரை சக்திக்கு மேற்பட்ட டிராக்டரில் 16 வயது ஆகாதவரை வேலைக்கு வைக்கக்கூடாது. ஆனால் பெற்றோரின் சொந்தப் பண்ணைக்கு விலக்கு. அங்கேயும் சட்டம் வரப்பில்தான் நிற்கிறது!

அதே நாட்டில், காட்டிலும் மணலிலும் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டியால் 2006-ம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பெற்றோர் போராடினார்கள். 2010-ம் ஆண்டில், 14 வயது ஆகாதவர்கள் பொதுவாக அந்த வண்டியை ஓட்டக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அதற்கு அந்தப் பையனின் பெயரே வழங்குகிறது.

என்ன செய்யலாம்?

கோவில்பட்டி வட்டாரத்துக்கு இது புதிய பாடம் அல்ல. தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களை வைக்க 1938-ம் ஆண்டிலேயே தடை வந்தது. அதற்குப் பிறகும் பல்லாண்டு காலம் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். சட்டத்தோடு பள்ளிக்கூடமும் பெற்றோரின் மனமும் சேர்ந்த பிறகே அது குறைந்தது. டிராக்டர் விஷயமும் அப்படித்தான்.

அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடுகிறது. விதைப்புக் காலமும் அதுவே. "18 வயது ஆகாதவர் கையில் எங்கள் ஊரில் டிராக்டர் கிடையாது" என்று அன்று தீர்மானம் போடலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வண்டி நின்றதும் சாவியை எடுத்துப் பெரியவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது. எந்திரம் சுற்றும்போது பக்கத்தில் விடக்கூடாது. வெயிலுக்குப் போட்ட கூரை, வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பையன் தொழில் பழகத்தான் வேண்டும். மண்ணைப் பார்த்து ஈரம் சொல்லப் பழகட்டும். விதை பார்க்கப் பழகட்டும். 18 வயதில் லைசென்சு எடுத்து டிராக்டரில் ஏறட்டும். ஒரு பருவம் தவறினால் அடுத்த வருஷம் விதைக்கலாம். பிள்ளை போனால்?