வீடற்றோரும் விருந்தினரும்: ஊவா மலைவழிகள் பற்றி ஒரு மறுப்பு

ஊவாவின் மலைத்தோட்டங்களை உல்லாசப் பயணிகளுக்குரிய நடைவழியாகவும் துவிச்சக்கர வண்டி வழியாகவும் ஆக்கும் முயற்சி அண்மைக்காலத்தில் பெரும் பாராட்டைப் பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனத்தினதும் நிதியுதவியுடன் உருவான ‘பெக்கோ வழி’ கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் சென்று நுவரெலியாவில் முடிகின்றது. ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்கு அண்மையிலுள்ள ஒஹிய, அதன்பின் அப்புத்தளை, தம்பேதன்ன, எல்ல, தெமோதரை எனப் பதுளை மாவட்டத்தின் தோட்டங்களூடாக அது வளைந்து செல்கின்றது. புகை கக்காத பயணம், இயற்கையைக் குலைக்காத பயணம், வழியில் வாழும் ஏழை மக்களுக்கு வருவாய் தரும் பயணம் என மூன்று நியாயங்களை இதன் ஆதரவாளர் முன்வைப்பர். முதலிரண்டும் ஏற்கத்தக்கனவே. மூன்றாவது நியாயமே ஆராய்தற்குரியது.

இவ்வழிகள் புதியன அல்ல. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநிலங்களை அரசுடைமையாக்கித் தோட்டக்காரர் கையில் ஒப்படைக்க வழிசெய்தது. ஊவாவின் சிங்கள விவசாயி தன் சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தான். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி அந்நிலத்திலேயே உழைக்க வைக்கப்பட்டான். முதலிற் கோப்பி, பின்னர் தேயிலை. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களுள் தம்பேதன்னவும் ஒன்று. அங்குள்ள தொழிற்சாலையிலிருந்து ‘லிப்டன் சீட்’ எனப்படும் மலைமுகட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். இன்று துவிச்சக்கர வண்டியோட்டி மூச்சிரைக்க ஏறிச்செல்லும் அப்பாதையின் வளைவுகள் அவனுடைய இன்பத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. கொழுந்தை ஆலைக்குக் கொண்டு வருவதற்கும், வேலையைத் துரைமார் மேற்பார்வை செய்வதற்குமே தொழிலாளர் கைகள் அத்தகைய பாதைகளைச் சமைத்தன.

அவ்வாறு பாதை சமைத்தோர் அப்பாதை மீது பெற்ற உரிமை யாது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. தோட்டக் குடியிருப்புகளுக்கு வீதியோ கிணறோ அமைத்துக்கொடுக்கப் பிரதேச சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட அப்பிரிவு இடமளிக்கவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். அவர்களுடைய வாக்கால் சபைகள் அமைந்தன. எனினும் நோயாளியைத் தூக்கிச்செல்லும் பாதையிற் குழி விழுந்தாற் சபை அதனை மூடச் சட்டம் தடையாய் நின்றது. இத்தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கிற்று. அந்நியர் உலாவுவதற்கு வழிகாட்டிப் பலகைகள் சில ஆண்டுகளில் நாட்டப்பட்டன. ஆனால் குடிமக்கள் நடப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்க முப்பத்தொரு ஆண்டுகள் சென்றன.

இனி வருவாய் பற்றிய வாதத்தை நோக்குவோம். பயணி தேநீர் அருந்துவான், இரவு தங்குவான், வண்டியைப் பழுதுபார்ப்பிப்பான். அப்பணம் தோட்ட மக்களைச் சேரும் என்பர். தேநீர்க் கடை வைக்க நிலம் வேண்டும். தங்குமறை அமைக்க வீடு வேண்டும். கடன் பெறக் காணி உறுதி வேண்டும். 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. இம்மாற்றங்களுள் எதுவும் லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவனை அக்காம்பராவுக்கு உரியவனாக்கவில்லை. 2015இன் பின் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது உண்மை. பெரும்பாலானோர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர் என்பதும் உண்மை. துரை வாழ்ந்த பங்களா விடுதியாகி வருவாய் ஈட்டுகின்றது. லயத்தில் வாழ்வோர் பயணியின் புகைப்படத்துக்குப் பின்னணியாய் நிற்கின்றனர்.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லம் உடையவனே விருந்தினனை ஏற்க வல்லவன் என்பது அவ்வைப்புமுறையிலிருந்து கொள்ளத்தக்கது. தான் வாழும் கூரை தனக்குச் சொந்தமில்லாதவன் எவரையும் வரவேற்க இயலாது. வேடிக்கைப் பொருளாக மட்டுமே இருக்க இயலும்.

கம்பனிகள் அனுமதி அளிக்கும், வேலை கொடுக்கும் என்று இதற்கு விடை கூறப்படலாம். அனுமதி வேறு, உரிமை வேறு. அளித்தவன் மீளப்பெறக்கூடியது அனுமதி. உரிமையின்மையின் விலை யாதென்பதை அப்புத்தளைக்குத் தெற்கே சரிவில் அமைந்த மீரியபெத்தை காட்டிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டவர்களுக்குப் போவதற்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்பை எய்தியது. ஹோர்ட்டன் சமவெளியின் மரையும் மரமும் 1988இல் தேசிய பூங்காவுக்குரிய காப்பைப் பெற்றன. 2010இல் அச்சமவெளி உலக மரபுரிமையுள்ளும் சேர்ந்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அம்மலையின் சரிவிற் குடியிருக்கும் மனிதனுக்கு ஓர் உறுதிப் பத்திரமேனும் வழங்கப்படாமைக்கு எவர் நியாயம் கூறுவார்?

மலைவழி உலாவை உழைப்பாளரின் பகையாகக் கருதவேண்டியதில்லை. 1932 ஏப்ரல் 24இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து இளந்தொழிலாளர் பலர், நிலப்பிரபுக்கள் வேட்டைக்கென அடைத்துவைத்த கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறினர்; சிலர் சிறைப்பட்டனர். அப்போராட்டம் 1949ஆம் ஆண்டின் தேசிய பூங்காக்கள் சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. 1951இல் அம்மலைப் பகுதியே பிரித்தானியாவின் முதல் தேசிய பூங்காவாயிற்று. அங்கு உழைப்பவனே மலையில் நடக்கும் உரிமையைக் கேட்டான், பெற்றான். ஊவாவிலோ உழைப்பவன் காலமெல்லாம் மலையில் நடக்கின்றான். நிற்பதற்கு உரிமை கேட்கின்றான்.

ஆகவே மலைவழிகளை மூடுக என்பது இம்மறுப்பின் முடிவன்று. ஒவ்வொரு கட்டத்தின் இருமருங்கிலும் வாழும் குடும்பங்களுக்கு, மண்சரிவு அபாயமற்ற இடத்தில், தெளிவான உறுதியுடன் வீட்டுக்காணி வழங்கப்படுதல் வேண்டும். வழியோரத்திற் கடையும் விடுதியும் அமைக்கும் முதலுரிமை அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களுக்கு இருத்தல் வேண்டும். பயணிகள் செல்லும் பாதையைச் செப்பனிடும் நிதியிலிருந்து, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் பாதையும் செப்பனிடப்படுதல் வேண்டும். இவற்றைச் செய்யாது ஏழைக்கு வருவாய் என்று பேசுவது, பிறர் நிலத்தில் நிற்பவனைப் பார்த்து விருந்து வை என்று கூறுவதையே ஒக்கும்.

மலையேறிக் களைத்து வரும் வண்டியோட்டிக்குத் தன் வீட்டுத் திண்ணையில், தன் நிலத்தில் நின்று, ஒரு கோப்பைத் தேநீரைத் தொழிலாளி நீட்டும் நாளிலேயே அவ்வழி இரு சாராருக்கும் பொதுவான வழியாகும்.