தாமிரம் தீராது, தண்ணீர் தீரும்

இயற்கை வளங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்ற எச்சரிக்கைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1865இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர், நிலக்கரி குறையக் குறைய பிரிட்டனின் தொழில் வலிமையும் குன்றும் என்று ஒரு நூலே எழுதினார். 1898இல் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், சிலி நாட்டு வெடியுப்பு தீர்ந்துபோனால் கோதுமை வயல்களுக்கு உரம் கிடைக்காது, பஞ்சம் வரும் என்றார். 1972இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கை, அன்றைய போக்கு மாறாவிட்டால் நூறு ஆண்டுகளுக்குள் உலகின் வளர்ச்சி முட்டுச்சுவரில் மோதும் என்று கணினிக் கணக்கோடு சொன்னது.

நடந்தது வேறு. பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி 1913இல் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. காரணம், எண்ணெயும் எரிவாயுவும் மலிவான இறக்குமதியும் அதன் இடத்தைப் பிடித்ததுதான். 2015இல் கடைசி ஆழ்சுரங்கத்தை மூடியபோதும் கரி உள்ளேயே கிடந்தது. வெடியுப்பின் கதை இன்னும் வேகமாக முடிந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் வழியை வேதியியலாளர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று குரூக்ஸே கேட்டிருந்தார். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் அதைச் செய்துகாட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் ஆலை ஓடத் தொடங்கியது. சிலியின் பாலைவனத்தில் உப்பு வெட்டி வாழ்ந்த ஹம்பர்ஸ்டோன் நகரம் ஆளரவமற்றுப்போய், இன்று யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னமாக நிற்கிறது.

இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு பந்தயமும் உண்டு. தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டில் ஏறும் என்று உயிரியலாளர் பால் எர்லிக்கும், இறங்கும் என்று பொருளியலாளர் ஜூலியன் சைமனும் 1980இல் பந்தயம் கட்டினர். 1990இல் எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பிவைத்தார். சைமனின் வெற்றியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். வேறு பல பத்தாண்டுகளில் இதே பந்தயத்தைக் கட்டியிருந்தால் அவர்தான் காசோலை எழுதியிருப்பார். ஆனாலும் விலை ஏறிய அந்தப் பத்தாண்டுகளிலும் எந்த உலோகமும் தீர்ந்துபோகவில்லை.

சுரங்கத் துறையின் கணக்கைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். கையிருப்பு என்று அத்துறை காட்டும் எண், பூமிக்குள் இருக்கும் மொத்தத்தைக் குறிப்பதில்லை. இன்றைய விலையில், இன்றைய கருவிகளைக் கொண்டு, லாபத்தோடு எடுக்கக்கூடிய அளவு மட்டுமே அது. 1970இல் உலகத் தாமிரக் கையிருப்பு சுமார் 28 கோடி டன். அதற்குப் பின் தோண்டி எடுத்த தாமிரமே அந்த அளவைத் தாண்டிவிட்டது. இப்போதைய கையிருப்போ 80 கோடி டன்னுக்கு மேல். விலை ஏறினால் தேடல் கூடுகிறது, பழைய பொருளை உருக்கி மீண்டும் பயன்படுத்துவது கூடுகிறது, மாற்றுப்பொருளும் வருகிறது. 2022 இறுதியில் விண்ணைத் தொட்ட லித்தியம் விலை, புதிய சுரங்கங்கள் திறந்ததும் ஒன்றரை ஆண்டுக்குள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது.

இதைக் கொண்டு கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. அவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கிறார்கள். தாமிரத் தாதுவின் தரம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டதால், ஒரு டன் உலோகத்துக்கு நூறு டன்னுக்கும் அதிகமான பாறையை உடைத்து அரைக்க வேண்டியிருக்கிறது. அரைத்த கழிவு எங்கேயாவது போய்த் தங்கியாக வேண்டும். பிரேசிலின் புருமாடினோவில் 2019 ஜனவரியில் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டனர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். சந்தையில் கரிக்கு விலை உண்டு. அதை எடுக்கக் கொடுக்கும் நிலத்துக்கும் நீருக்கும் ஆற்றுக்கும் சரியான விலை எழுதப்படுவதில்லை. உலகம் உண்மையில் இழந்துவருவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. அங்கே ஏறத்தாழ 500 ஆண்டுகள் காட் மீன் பிடிக்கப்பட்டது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரிய இழுவைக் கப்பல்கள் 1950களில் வந்தன. 1968இல் பிடிபட்ட மீன் சுமார் 8 லட்சம் டன். 1977இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலாக விரித்து அயல்நாட்டுக் கப்பல்களை விரட்டியது; விரட்டிய கையோடு உள்நாட்டுக் கப்பல்களைப் பெருக்கி அதே வேலையைத் தானே செய்தது. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் சிறுத்துவருவதாகச் சொன்னபோது, பெரிய கப்பல்களின் பிடி குறையவில்லையே என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள். எஞ்சிய மீன் கூட்டங்களை ஒலிக்கருவியால் தேடிப் பிடிக்க முடிந்ததால்தான் அந்தப் பிடி குறையாமல் இருந்தது. 1992 ஜூலையில் மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்பட்டது; ஏறக்குறைய 30,000 பேர் பிழைப்பை இழந்தனர். தடையைத் தளர்த்த 2024 வரை காத்திருக்க நேர்ந்தது.

உலோகத்தைக் காத்த அதே இயந்திரங்கள் இங்கே எதிர்வேலை செய்தன. சுரங்கத்தில் நல்ல கருவி வந்தால் எடுக்கக்கூடிய அளவு பெருகுகிறது. கடலில் நல்ல கருவி, இருப்பு குறைவதைக் கடைசி நாள் வரை மறைத்துவைக்கிறது. அரிதாகும் மீனுக்கு விலை ஏறும்போது, அதைத் துரத்தும் ஆட்களும் கூடுகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பொருளில் விலை காவலாளியாக நிற்பதில்லை.

நிலத்தடி நீரின் நிலையும் இதுதான், இன்னும் பெரிய அளவில். உலகில் மிக அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறக்குறைய 24,000 கோடி கன மீட்டர். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட இது அதிகம். இதில் பெரும்பகுதி, பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல், பாசனத்துக்குப் போகிறது. மழையால் ஆண்டுதோறும் ஊறி, எடுக்கத் தகுந்த அளவோடு ஒப்பிட்டால் நாடு முழுவதும் 60 சதவீதமே எடுக்கப்படுகிறது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கு ஆறுதல் சொல்லும். அந்தச் சராசரியை நம்புவதற்கில்லை. சிலியின் தாமிரம் கப்பலேறி எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரும். அசாமில் ஊறும் நீர் பஞ்சாப் வயலுக்கு உதவாது. பஞ்சாபில் எடுப்பது ஊறுவதில் ஒன்றரை மடங்குக்கும் மேல். வடமேற்கு இந்தியா 2002 முதல் 2008 வரையிலான ஆறு ஆண்டுகளில் 10,900 கோடி கன மீட்டர் நிலத்தடி நீரை இழந்ததை, புவியீர்ப்பு மாற்றத்தை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் காட்டின. அந்த ஆண்டுகளில் மழை பெரிதாகப் பொய்க்கவில்லை.

தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு 75 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் குறுவட்டம் குறுவட்டமாகப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊறுவதைவிட அதிகம் எடுப்பவை. கமலை பூட்டி இறைத்த காலத்தில் மாடு இழுக்கும் ஆழமே எல்லை. கிணறு வற்றினால் இறைப்பும் நின்றது, மழைக்குப் பின் கிணறு மறுபடி ஊறியது. நீர்மூழ்கி மோட்டாருக்கு அப்படி எல்லை கிடையாது. கொங்கு மண்டலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடியையும் தாண்டி இறங்கிவிட்டன. அந்த ஆழத்தில் பாறை இடுக்கில் நிற்கும் நீர் பல தலைமுறைகளாகச் சேர்ந்தது. அது வரும் வரை வரும். ஒருநாள் புகையும் கல்தூளும் மட்டும் வரும். அடுத்த இடத்தில் போர் போடக் கையில் லட்சங்கள் உள்ளவர் தப்பிப்பார். திறந்த கிணற்றை நம்பியிருக்கும் சிறு விவசாயி நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போவார்.

சட்டமும் கட்டணமும் சேர்ந்தே இந்நிலையை உண்டாக்கியிருக்கின்றன. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. நீருக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒருவர் ஆழமாகத் துளைத்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். நிலமில்லாதவருக்கு இதில் பங்கே இல்லை. இதன் மேல் இலவச மின்சாரம் வந்தது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. எவ்வளவு நீர் இறைக்கப்படுகிறது என்று அரசுக்கே தெரியாது. விலையில்லை என்பதைவிட இந்த அளவின்மைதான் ஆபத்து.

இலவச மின்சாரத்தைத் தொட்டால் விவசாயி செத்துப்போவார் என்ற வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்த நினைவு எந்த ஆட்சிக்கும் இருக்க வேண்டும். ஆனால் மானியத்தை நிறுத்துவதும் மானியத்தின் வடிவத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. குஜராத் 2003க்குப் பின் விவசாய மின்தடங்களைத் தனியே பிரித்து, நாளுக்கு எட்டு மணி நேரம் தடையில்லாத மின்சாரம் தந்தது. பஞ்சாப் 2018இல், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்குப் பணம் தரும் திட்டத்தைச் சோதித்தது. இலவச மின்சாரத்துக்குச் செலவாகும் தொகையை விவசாயியின் கணக்கில் நேரடியாகச் செலுத்திவிட்டு மோட்டாருக்கு மீட்டர் வைத்தால், சேமித்த நீர் அவருக்கு வருமானமாகும். நெல்லுக்கும் கரும்புக்கும் மட்டும் உறுதியான கொள்முதலை வைத்துக்கொண்டு தண்ணீரைச் சிக்கனம் செய்யச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. சோளத்துக்கும் கம்புக்கும் துவரைக்கும் அதே உறுதி தேவை.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கையில் ஏன் இந்தக் கவலை என்ற கேள்வியும் எழுகிறது. சென்னைக்கு மீஞ்சூரும் நெம்மேலியும் உதவுகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அந்த நீரின் செலவை நகரம் தாங்கும். நெல் வயல் தாங்காது.

ஆற்று மணலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரையிலும் கொள்ளிடக் கரையிலும் உள்ளவர்களுக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுப்பதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கூறுகிறது. பாலைவன மணல் காற்றில் உருண்டு வழவழப்பானதால் கான்கிரீட்டுக்கு உதவாது. எனவே எல்லோரும் ஆற்றையே தோண்டுகிறார்கள். மணல் போன ஆற்றில் நீர் தங்காது, கரையோரக் கிணறும் ஊறாது. எம்-சாண்ட் என்ற மாற்றுப்பொருள் ஏற்கெனவே கையில் இருந்தும் ஆறுகள் தோண்டப்படுவது தட்டுப்பாட்டால் அல்ல, திருட்டு மலிவாக இருப்பதால்.

பாஸ்பரஸ் இரு வகைக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு விலை உண்டு, ஆனால் பயிருக்கு அதற்கு மாற்றுப்பொருள் கிடையாது. உலகக் கையிருப்பில் பெரும்பங்கு மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டுக்குள் அது தீரப்போவதில்லை. இறக்குமதியை நம்பியிருக்கும் இந்தியாவுக்கு, கழிவுநீரிலிருந்தும் சாணத்திலிருந்தும் அதை மீட்பது இப்போதே லாபம்.

ஆக, நிலத்தடி நீரைக் காக்க முதலில் வேண்டியது சட்டம். தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் பலிக்காது என்று சொல்வோர், 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபின் சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை மறந்துவிட்டார்கள். நீரை நிலத்தோடு ஒட்டிய தனியுரிமையிலிருந்து பிரித்துப் பொதுச் சொத்தாக அறிவிக்கும் சட்டம் வேண்டும். குடிநீருக்கு முதலிடமும் சிறு விவசாயிக்கு அடுத்த இடமும் அதில் உறுதியாக வேண்டும். ஒவ்வொரு குறுவட்டத்திலும் எவ்வளவு ஊறியது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்ற கணக்கைக் கிராமசபையில் ஆண்டுதோறும் படிக்க வேண்டும். புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கான அனுமதி அந்தக் கணக்கைப் பொறுத்தே அமைய வேண்டும். குளிர்பான ஆலைக்கும் தண்ணீர் லாரிக்கும் இப்போதே மீட்டரும் கட்டணமும் விதிக்கத் தடையேதும் இல்லை. அரசியல் சட்டப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது; டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையின்றி, 2013இல் பழைய சட்டத்தை நீக்கிய அதே சட்டமன்றம் வரும் கூட்டத்தொடரிலேயே புதிய சட்டத்தைக் கொண்டுவர முடியும்.