சாக்ஸின் மூக்கு

ஆபீஸிலிருந்து வந்ததும் சாக்ஸைக் கழற்றிப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறிவது ஆண் வர்க்கத்தின் பரம்பரைப் பழக்கம். இன்றைக்கு ஒரு நாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாவது, அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டிப் பாருங்கள். விரல் நுனி வருகிற இடத்தில் குறுக்கே ஒரு தையல் ஓடும். தடவினால் வயல் வரப்பு மாதிரி இடறுகிறதா? ஓவர்லாக். தட்டையாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கிறதா? கொஞ்சம் நல்ல சாக்ஸ்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

சாக்ஸ் மெஷினில் ஊசிகள் வட்டமாக நிற்கும். பின்னல் குழாயாக இறங்கும். பனியன் துணியும் அப்படித்தான். பல பனியன்களில் விலாப்பக்கம் தையலே இருக்காது. மெஷின் வட்டத்தின் அளவுதான் உங்கள் மார்பளவு. பனியன் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கலாம். சாக்ஸ் முடியாது, ஒரு வாயை அடைத்தாக வேண்டும். வம்பு அங்கேதான்.

பின்னல் என்பது முழுக்க முழுக்கக் கண்ணிகள். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே இருக்கிற வரிசைக்குள் புகுந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கடைசி வரிசையைப் பிடிக்க ஆளில்லை. அப்படியே விட்டால் சரசரவென்று பிரிந்துவிடும். ஓவர்லாக் மெஷின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து, மிச்சத்தை வெட்டி, நூலைச் சுற்றிவிடுகிறது. சில விநாடி வேலை. வரப்பு நம் சுண்டுவிரலுக்கு.

கையால் பின்னுகிறவர்கள் வேறு வித்தை வைத்திருக்கிறார்கள். இரண்டு ஓரத்துக் கண்ணிகளையும் இரண்டு ஊசிகளில் எதிரெதிரே நிறுத்தி, அதே நூலை மொட்டை ஊசியில் கோத்து, மந்திரம் மாதிரி முணுமுணுப்பார்கள்: முன்னால் நிட், கழற்று, பர்ல், விடு. பின்னால் பர்ல், கழற்று, நிட், விடு. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல் இரண்டு தடவை போகும். இறுக்கி இழுத்தால் காரியம் கெட்டது. தளர்வாக விட்டு, கடைசியில் ஊசி முனையால் கண்ணி கண்ணியாகச் சரிசெய்ய வேண்டும். முடிந்ததும் பார்த்தால் அங்கே தையலே இல்லை, பின்னலில் இன்னொரு வரிசை முளைத்திருக்கும்! எங்கே சேர்ந்தது என்று பின்னியவருக்கே தெரியாது.

இதற்குக் கிச்னர் தையல் என்று பெயர். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தளபதியாக இருந்து, 1916-ல் கப்பலோடு கடலில் போன அதே கிச்னர். சிப்பாய்களின் விரல் புண்ணாகாமலிருக்க அவர்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த மீசையையும் கையில் ஊசி நூலையும் சேர்த்துக் கற்பனை பண்ண எனக்கு வரவில்லை. வித்தை அவருக்கு முந்தியது.

ஃபாக்டரியில் இதற்குப் பக்கத்தில் வருவது லிங்க்கிங். வட்டத் தட்டில் வரிசையாக முள். ஒவ்வொரு கண்ணியையும் ஒருத்தர் கையால் மாட்டுகிறார். ஒன்று தவறினால் ஓட்டை. கண்ணும் போகும், பொழுதும் போகும். விலை ஏறாமல் என்ன செய்யும்? இப்போது சில மெஷின்கள் மூக்கைத் தாமே மூடிக்கொள்கின்றன.

வரப்பு உறுத்தினால் நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். வீட்டில் அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை இருந்தால் சமாசாரம் வேறு. நரம்பு மழுங்கிய காலில் உறுத்தல் தெரியாது. தெரியாமலே நாள் முழுக்கத் தேய்ந்து, புண்ணாகி, கண்ணில் படும்போது டாக்டர் முகம் மாறும். அதனால்தான் அவர்களுக்குத் தையல் இல்லாத சாக்ஸ் போடச் சொல்கிறார்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

அது கிடைக்கிறவரைக்கும் இருக்கிற சாக்ஸையே புரட்டி, தையல் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிவிடலாம். "என்னடா இது, உல்ட்டாவா இருக்கு?" என்பார். ஷூவுக்குள்ளே யாருப்பா பார்க்கப் போறாங்க?