வாரத்துக்கு ஒன்று, எந்தக் கிழமை?

பெங்களூரின் வைட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனங்களைத் தொடர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. பிள்ளைகளுடன் இருப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்து தங்கும் பெற்றோரும் பெருகினர். மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் வீட்டில் எஞ்சுவது முதியவர்களும் அவர்களது மருந்துப் பெட்டியும்தான். சர்க்கரை நோய்க்கு, ரத்த அழுத்தத்துக்கு என்று நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளோடு, வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய ஒன்றும் அதே பெட்டியில் கிடக்கிறது. அது 60,000 யூனிட் வைட்டமின் டி.

வெயில் படாமல் பத்தாவது மாடியில் வாழ்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல இக்குறைபாடு. தில்லியில் 50 வயதைக் கடந்த 1,600 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வைட்டமின் போதிய அளவில் இல்லை எனத் தெரியவந்தது. எட்டு வாரங்களுக்கு, வாரம் ஒரு மாத்திரை என எழுதித் தருவது இந்தியாவில் வழக்கமாகிவிட்டது. எழுதித் தந்ததோடு கடமை முடிந்தது என்று கருதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எழுபது வயதைக் கடந்தவருக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் போதும் என்பது 2010-ல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்த அளவு. அக்கணக்கில் ஒரே மாத்திரை 75 நாள் தேவைக்குச் சமம். இதை மற்றவற்றோடு சேர்த்து நாள்தோறும் மாதக்கணக்கில் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி உயரும். வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் எனத் தொடங்கி, சிறுநீரகம் பழுதடைவது வரை போகும். குழப்பமும் தடுமாற்றமும் முதுமையின் இயல்பு என்று வீட்டார் எண்ணிவிடுவதால் உண்மைக் காரணம் புலப்படவும் தாமதமாகும். இவ்வைட்டமினே நஞ்சாகிப்போனவர்களைப் பற்றிக் காஷ்மீர் மருத்துவர்கள் 2011-லேயே மருத்துவ இதழில் எழுதினர்.

அப்படியானால் நாள்தோறும் சிறிய அளவில் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதுவே உகந்தது என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் 2024-ல் பரிந்துரைத்துள்ளது. ஆனால் பரிந்துரை வேறு, விழுங்குவது வேறு. பிரிட்டனில் ஏற்கெனவே எலும்பு முறிவு கண்ட 5,292 முதியவர்களிடம் நாள்தோறும் மாத்திரை கொடுத்து நடத்திய ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதைத் தொடர்வதாகத் தெரிவித்தவர்கள் பாதிக்குச் சற்றே அதிகம். அதே நாட்டில் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் மாத்திரையை அஞ்சலில் அனுப்பி ஐந்து ஆண்டுகள் நடத்திய மற்றோர் ஆய்வு 2003-ல் வெளியாயிற்று. அதில் பெரும்பாலோர் தவறாமல் உட்கொண்டனர். எலும்பு முறிவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இடைவெளி கூடினால் வசதியும் கூடும் என்று இதை நீட்டிக்கொண்டே போகவும் இயலாது. ஆண்டுக்கு ஒரே முறை ஐந்து லட்சம் யூனிட் கொடுக்கப்பட்ட ஆஸ்திரேலிய மூதாட்டிகள் அதிகமாகவே விழுந்தனர், அதிகமாகவே எலும்பை முறித்துக் கொண்டனர் என்பது 2010-ல் தெரிந்தது. குறைபாடு இல்லாதவருக்கு இந்த மாத்திரையால் பெரும்பயன் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எனவே, இப்போதைக்கு வாரம் ஒன்று என்ற முறை நீடிக்கும் என்றே தோன்றுகிறது. நீடிக்குமானால் அதற்குரிய ஏற்பாடு எங்கே? மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில். மாத்திரை அட்டையும் ஆங்கிலத்தில். மருந்துக் கடைக்காரர் கன்னடத்திலோ இந்தியிலோ சொல்வது தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்கு விளங்குவதில்லை. எட்டு வாரங்களுக்குப் பிறகு என்ன செய்வது என்பதைச் சொல்வாரும் அரிது. எட்டு வாரங்கள் உட்கொண்டு நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் குறைபாடு திரும்பிவிட்டதை தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வு 2008-லேயே காட்டியது.

வாராந்திர மாத்திரை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது மத்திய அரசுக்குத் தெரியாததல்ல. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டத்தில் திங்கள்கிழமை என்று நாள் குறிக்கப்பட்டது; ஆசிரியர் முன்னிலையில் விழுங்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும் அதன்பின் வாரத்துக்கு ஒன்றாகவும் உட்கொள்ளும் ‘சாயா’ கருத்தடை மாத்திரையைக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்தபோதும், எந்தெந்தக் கிழமை என்பதைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஊழியர்களுக்குத் தரப்பட்டது. மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாத மருந்துகளை மக்கள் அடையாளம் காண அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்குமாறு 2016-ல் பிரசாரமே நடந்தது. முதியவர் என்று வரும்போது மட்டும் இந்த அக்கறை மறைந்துவிடுகிறது.

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால், அது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கான காப்பீடு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. விழாமலிருக்க வீட்டில் உட்கொள்ளும் மாத்திரையை யாரும் விசாரிப்பதில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 60,000 யூனிட் மாத்திரையைச் சேர்த்து விலைக்கு வரம்பு கட்டும் அரசு, அதன் அட்டையில் கிழமையை எழுத ஒரு கட்டமும், ‘வாரம் ஒருமுறை மட்டும்’ என்ற மூன்று சொற்கள் இந்திய மொழிகளிலும் இடம்பெற வேண்டும் என்று உத்தரவிடுவதற்கு என்ன தடை?