விதை தந்தவர் தோற்றது ஏன்?

பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்குப் பாடுபட்டவர். மத்திய உணவு மந்திரியாகி, அதிக விளைச்சல் தரும் கோதுமை விதையைக் கொண்டு வந்தவர். 1967 தேர்தலில் கோபிச்செட்டிப்பாளையத்தில் அவரே தோற்றார்!

ஜனங்களுக்குப் புத்தி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாமா?

கோதுமையின் பெரிய அறுவடை வந்தது 1968-ல். அதுவும் வடக்கே! இங்கே தாய்மார்கள் நின்றதோ அரிசிக்கடை வாசலில். 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. அதை மறக்க முடியுமா? (அவரும் அப்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஆனால் கோபம் கட்சி மேல்.)

வென்றவர்கள் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். சென்னையிலும் கோவையிலும்தான். கிராமங்களுக்கு வரவில்லை. அப்படியும் 1971-ல் தி.மு.க.வுக்கே மீண்டும் ஓட்டு விழுந்தது. 234-ல் 184 இடங்கள்!