காசின் வடு

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட அம்மன் காசு மிகச் சிறிய செம்புக் காசு. ஒரு புறம் பிரகதாம்பாள் வீற்றிருப்பாள்; மறுபுறம் ‘விஜய’ எனத் தெலுங்கெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நவராத்திரியில் அரிசியோடு வழங்கப்பெற்ற அக்காசு, 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் வழக்கொழிந்தது. இன்றோ பழம்பொருள் சேர்ப்போர் அதனை இணையவழி விலைபேசுகின்றனர்.

வாங்குவோன் காசைக் கையிலெடுத்துப் பார்க்க இயலாது. விற்போன் சொல்லே அவனுக்குக் கண். ‘நல்ல நிலை’ என்று மட்டும் எழுதினால் என்ன விளங்கும்? எழுத்து எவ்வளவு தேய்ந்தது, விளிம்பு சிதைந்ததா, புளியிட்டுத் துலக்கப்பட்டதா என்பனவற்றையன்றோ சொல்லவேண்டும்! துலக்கினால் செம்பு பளபளக்கும். காலம் ஏற்றிய கருநிறமோ போய்விடும். அதனை மறைத்து விற்பது எடை குறைத்து விற்பதற்கு ஒப்பாகும்.

குறையைச் சொன்னால் விலை குறையுமே என விற்போர் அஞ்சுவர். விலை குறையலாம்; ஆயினும் வடு வீணன்று. இதே மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது வெட்டு விழுந்திருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் ஹில் அவ்வெட்டுகளையும் விடாது குறித்துவைத்தார். காசு மீண்டும் நாணயமாகப் புழங்காதிருக்கவே அவ்வாறு வெட்டினர் என்று கருதுவோர் உளர். ஆராய்ச்சியாளர் இன்றும் அவ்வெட்டைப் பற்றியே வாதிடுகின்றனர்.