நுகத்தடியா? தெய்வ சித்தமா?

சீகேம் நகரிலே மக்கள் திரண்டு நிற்கின்றனர். இஸ்ரவேல் மன்னன் சாலொமோன் மறைந்துவிட்டான். மகன் ரெகொபெயாம் முடிசூட வந்திருக்கிறான். காலம், கி.மு. 930 அளவு. கூடியோர் பொன் கேட்டனரா? இல்லை! பதவி கேட்டனரா? அதுவுமில்லை! தந்தை ஏற்றிய நுகத்தைத் தனயன் சற்றே தளர்த்தவேண்டும் — இஃதொன்றே அவர்தம் வேண்டுகோள்.

எத்தகைய நுகம் அது? விவிலியத்தின் இராஜாக்கள் முதலாம் புத்தகமே கணக்குக் காட்டுகிறது, தோழர்களே! லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர், மாதம் 10,000 பேராக முறைவைத்து அனுப்பப்பட்டனர். சுமை தூக்க 70,000 பேர்; மலையிலே கல் வெட்ட 80,000 பேர். ஆண்டவன் ஆலயம் எழ 7 ஆண்டு. அரசன் மாளிகைக்கோ 13 ஆண்டு! நாட்டை 12 பகுதிகளாக்கி, மாதத்துக்கொரு பகுதி அரண்மனைப் பந்திக்கு உணவளிக்க வேண்டுமென்றும் ஏற்பாடு. எண்ணிக்கை மிகையாயிருக்கலாம், ஏழையின் பெருமூச்சு மிகையன்று. ஆலயத்தின் அழகைப் புகழ்ந்த நாவுகள் ஏராளம். கல் சுமந்த முதுகுகளைப் பற்றிப் பேசிய நாவுகள் எத்தனை?

மூன்று நாள் தவணை கேட்டான் ரெகொபெயாம். இன்சொல் கூறி இணங்கிப் போகச் சொன்னர் முதியோர். இறுக்கிப் பிடிக்கச் சொன்னர் உடன் வளர்ந்த இளந்தோழர். இரண்டாவதே மன்னனுக்கு இனித்தது. சவுக்கின் இடத்தில் இனித் தேளின் கொடுக்கு என்னும் பொருள்பட விடையளித்தான்!

விளைவு? பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. அமஞ்சி வேலை வாங்கும் அதிகாரி அதோராமை அனுப்பினான் மன்னன். மக்கள் கல்லெறிந்து கொன்றனர். கல் சுமக்க வைத்தவன் மீதே கல் விழுந்தது! மன்னன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான்.

காரணம் இத்துணைத் தெளிவாகக் கண்முன் கிடக்க, ஏடெழுதியோர் செய்ததென்ன? இஃது ஆண்டவன் செயல் என்று முத்திரையிட்டனர்! சாலொமோன் அன்னிய தெய்வங்களைத் தொழுததே குற்றமென்றனர். அகியா எனும் தீர்க்கதரிசி புதுச் சால்வையை 12 துண்டாகக் கிழித்து, 10 துண்டுகளை யெரொபெயாமிடம் முன்னரே தந்தான் என்றனர். எல்லாம் தெய்வ சித்தமெனில், மன்னனின் ஆணவம் குற்றமாகுமா? மக்களின் கண்ணீர் கணக்கில் ஏறுமா? சவுக்கெடுத்தவன் தப்புகிறான், அடிபட்டவன் மறக்கப்படுகிறான். இதுதான் அந்த முத்திரையின் பயன்!

பிரிந்த வடநாடேனும் தெளிந்ததா? அதன் மன்னனான யெரொபெயாம், அமஞ்சி வேலையை மேற்பார்த்தவன். கொடுமையை நேரில் கண்டவன். எனினும், எருசலேம் ஆலயத்துக்குச் சென்றால் மக்கள் மனம் மாறுவர் என்றஞ்சி, பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தினான். புதிய ஆசாரியர், புதிய திருவிழா! தோளிலிருந்த நுகத்தை உதறிய மக்கள், மனத்திலே மற்றொன்றை ஏற்றுக்கொண்டனர்.

கி.மு. 722 அளவில் அசீரியப் படை வடநாட்டை வீழ்த்தியது. கன்றை வணங்கிய பாவம் என்றனர். ஆலயத்தைக் காத்து நின்ற யூதாவோ கி.மு. 586 அளவில் பாபிலோனுக்கு இரையாயிற்று. அதற்கும் பாவமே காரணமென்றனர்! வல்லரசுகளின் வழியில் கிடந்த சிறு நாடுகள் நசுங்கின என்று சொல்ல ஏன் மனம் வரவில்லை?

சாலொமோனின் ஆட்சி ஏடு கூறுமளவு பரந்ததா என்று தொல்லியலார் இன்றும் வாதிடுகின்றனர். பின்னாளில் இரு அரசுகள் இருந்ததையோ அசீரியக் கல்வெட்டுகளே காட்டுகின்றன. வாதம் எப்படி முடியினும், சீகேமில் எழுந்த கோரிக்கையை ஏட்டாலும் மறைக்க முடியவில்லை.

ஏட்டைக் கொளுத்தச் சொல்லவில்லை, தோழர்களே! படிக்கச் சொல்லுகிறோம். ஒரு நாடு பிளந்ததென்று கேட்டால், வானத்தை நோக்காதீர். அந்நாட்டு உழைப்பாளியின் தோளை நோக்குங்கள். காரணம் அங்கே தழும்பாய்க் கிடக்கும்!